விண்டோஸ் 10-லேயே இருப்பதா, 11-க்குப் போவதா, லினக்ஸ் போடுவதா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் நின்றன. மறுநாள் காலையில் எந்தக் கம்ப்யூட்டரும் படுத்துவிடவில்லை. பில் போட்டது, பிரிண்ட் வந்தது, யூடியூப் ஓடியது. அதனாலேயே பலர் இந்த முடிவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார்கள். இன்னொரு பக்கம், "இனிமே இது ஓடாது சார், புதுசு வாங்கிடுங்க" என்று நன்றாக ஓடுகிற சிஸ்டத்தைக் கழித்துக்கட்ட வைப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எது நின்றது, எது நிற்கவில்லை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபென்டரின் வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை புதுப்பிக்கப்படும். எட்ஜ் பிரவுசருக்கும் குறைந்தது அதுவரை அப்டேட் உண்டு. மைக்ரோசாஃப்ட் 365 சந்தா வைத்திருந்தால் அதன் பாதுகாப்புத் திருத்தங்களும் 2028 அக்டோபர் 10 வரை வரும். ஆஃபிஸ் 2016, 2019 இரண்டும் மட்டும் விண்டோஸ் 10-உடன் ஒரே நாளில் முடிந்துவிட்டன. மற்றபடி நின்றது விண்டோஸின் அடித்தளத்துக்கான திருத்தங்கள்: கெர்னல், நெட்வொர்க், பிரிண்ட் ஸ்பூலர், ஃபைல் ஷேரிங்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. விண்டோஸ் 11-க்கு மாதாமாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை திருத்தங்கள் வருகின்றன. திருத்தத்துக்கு முந்தைய ஃபைலையும் பிந்தைய ஃபைலையும் ஒப்பிட்டால் ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். விண்டோஸ் 10-இலும் 11-இலும் பெரும்பகுதி நிரல் ஒன்றுதான். ஆகவே 11-க்கு வரும் ஒவ்வொரு திருத்தமும் அடைக்கப்படாத 10-க்குள் நுழைய வழிகாட்டும் வரைபடமாகிவிடுகிறது. ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறதே என்ற நிம்மதி இங்கே அரைகுறை நிம்மதிதான்.

சிஸ்டத்தின் ஜாதகம்

எந்த வழி என்று யோசிப்பதற்கு முன்னால் கையில் இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்தால் நான்கு வரிகள் போதும்: பிராசஸர், சிஸ்டம் டைப், பயாஸ் மோட், செக்யூர் பூட் ஸ்டேட் (ஆன் ஆகும்போது நம்பகமான நிரலை மட்டும் ஏற்றும் காவல் இயங்குகிறதா என்பது).

பிராசஸர்தான் முதல் வடிகட்டி. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்து விண்டோஸ் 11-க்குத் தகுதி. ஐ5-7400 என்பதில் முதல் எண் 7, ஆகவே ஏழாம் தலைமுறை, கிடையாது. ஐ5-8400 உண்டு. ஐ5-1135ஜி7 என்பது பதினொன்றாம் தலைமுறை, அங்கே முதல் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். பென்டியம் வாங்கியவர்கள்தான் குழம்புவார்கள்: ஜி4560 தகுதியில்லாதது, அதற்கு அடுத்த தலைமுறையான ஜி5400 தகுதியுள்ளது. பெயரில் வித்தியாசம் கொஞ்சம்தான், விதியில் மலையளவு. ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்து என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் 2200ஜி, 2400ஜி, லேப்டாப்பில் வரும் 2500யூ ஆகியவை பெயரில் 2000 என்றாலும் உள்ளே முதல் தலைமுறை வடிவமைப்பு, பட்டியலில் இல்லை. ரைசன் 5 2600 இருக்கிறது. 2018-க்கு முன் வாங்கிய சிஸ்டம் என்றால் பெரும்பாலும் தேறாது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

'சிஸ்டம் டைப்' வரியில் எக்ஸ்86 என்று இருந்தால் அது 32-பிட் விண்டோஸ். விண்டோஸ் 11 64-பிட்டில் மட்டுமே வருகிறது. 32-பிட்டிலிருந்து அதற்கு நேராக ஏற முடியாது. ஃபார்மட் அடித்துப் புதிதாகத்தான் போட வேண்டும்.

விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சிப்பான டிபிஎம் 2.0 இருக்கிறதா என்பதை விண்டோஸ் செக்யூரிட்டியில் 'டிவைஸ் செக்யூரிட்டி', அதற்குள் 'செக்யூரிட்டி பிராசஸர் டீடெயில்ஸ்' என்ற இடத்தில் பார்க்கலாம். அந்தப் பகுதியே இல்லையென்றால் டிபிஎம் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். அசெம்பிள் செய்த சிஸ்டங்கள் பலவற்றில் அது பயாஸில் (விண்டோஸ் எழும்பும் முன் திறக்கும் மதர்போர்டின் செட்டிங் பகுதி) அணைந்து கிடக்கும். இன்டெல் போர்டுகளில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டி போர்டுகளில் எஃப்டிபிஎம். தனியாகச் சிப் வாங்கச் சொல்பவர்களிடம் முதலில் பயாஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

ரேம் 4 ஜிபி போதும் என்பது விதி. நிஜத்தில் குரோமில் ஐந்து டேப், கூடவே டேலி, வாட்ஸ்அப் என்று திறந்தால் 8 ஜிபிக்குக் கீழே விண்டோஸ் 11 முனகும். அதைவிட முக்கியம் டிஸ்க். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் 'எச்டிடி' என்று இருந்து, சும்மா இருக்கும்போதே 100 சதவீதம் காட்டுகிறது என்றால், எந்த ஓஎஸ் போட்டாலும் அந்தச் சிஸ்டம் தேறாது. முதலில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று மாட்டி, பழைய டிஸ்க்கை அதில் குளோன் செய்யுங்கள். பலருக்கு இதோடு 'புது சிஸ்டம் வாங்கணும்' என்ற எண்ணமே போய்விடுகிறது.

நாளைக்கு எது ஓடாவிட்டால் வேலை நிற்கும்?

ஓஎஸ் மாற்றுவதில் தகராறு பெரும்பாலும் ஓஎஸ்ஸில் வருவதில்லை. அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சாமான்களில்தான் வருகிறது. ஒரு காகிதத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது.

டேலி பிரைம் விண்டோஸுக்கு மட்டும்தான். கணக்கு எழுதுகிற சிஸ்டம் என்றால் லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்றான இலவச ஓஎஸ்) என்ற பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டி, டெண்டர் வேலைகளுக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கும், இ-சேவை மையங்களில் ஆதார் கைரேகைக் கருவிக்கு வேண்டிய ஆர்டி சர்வீஸுக்கும் விண்டோஸ்தான் தொந்தரவில்லாத வழி. 10-இல் ஓடும் டோக்கன் மென்பொருள் 11-இலும் ஓடும். ஆனால் பழைய பதிப்பை அப்படியே விட்டுவிட்டு மேலே ஏறினால் டோக்கன் செருகியும் சான்றிதழ் தெரியாமல் போகலாம். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதுப் பதிப்பை முன்கூட்டியே இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிண்டர் தனிக் கதை. நம் ஊர்க் கடைகளில் இன்னும் உழைக்கும் கேனன் எல்பிபி2900, விண்டோஸ் 11-இல் 64-பிட் டிரைவரோடு ஓடுகிறது. லினக்ஸில் அதை ஓட்டுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. அது பேசும் 'கேப்ட்' என்ற மொழி அந்த நிறுவனத்துக்கே உரியது. எச்பி லேசர்ஜெட் 1020 என்றால் லினக்ஸில் எச்பிலிப் தொகுப்போடு ஒரு கூடுதல் பிளகின் இறக்க வேண்டும். அந்தப் பிரிண்டருக்குள் சொந்த ஃபர்ம்வேர் தங்காது, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் அனுப்ப வேண்டும். பிளகின் இல்லாவிட்டால் விளக்கு எரியும், தாள் நகராது.

டிடிபி வேலை செய்பவர்களுக்கு ஃபான்ட்கள் உயிர். யூனிகோடுக்கு முந்தைய பாமினி வகை ஃபான்ட்களில் அடித்த பத்து வருட ஃபைல்கள் இருக்கும். நேரடியாக அப்கிரேட் செய்தால் ஃபான்ட்கள் கூடவே வந்துவிடும். ஃபார்மட் அடித்தால் போய்விடும். இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று: சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸை மட்டும் நகலெடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, ஃபான்ட்டைத் திறந்து 'இன்ஸ்டால்' அழுத்தினால் அது அந்தப் பயனருக்கான ஃபோல்டரில் போய் உட்கார்ந்துகொள்கிறது: ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற வரிசையில். இரண்டு இடத்தையும் நகலெடுக்க வேண்டும். யூனிகோடில் தட்டுபவர்களுக்குக் கவலை குறைவு. தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் விண்டோஸிலேயே இருக்கின்றன.

ஆஃபிஸில் பத்து சிஸ்டங்கள் ஒன்றோடொன்று ஷேர் ஆகி ஓடுகிற இடங்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதைக் கீழே சொல்கிறோம்.

தகுதி இருந்தால்: விண்டோஸ் 11

பட்டியலில் இருக்கும் சிஸ்டத்துக்கு 11-க்கு ஏறுவதே சரி. ஒரிஜினல் விண்டோஸ் 10 என்றால் காசு கிடையாது, லைசென்ஸ் தானாகவே தொடரும். கிராக் போட்ட விண்டோஸ் மேலே ஏறினாலும் கிராக்தான். 'லைட்' என்ற பெயரில் சுற்றும் குறுக்கிய ஐஎஸ்ஓக்களை (விண்டோஸ் போடுவதற்கான முழு ஃபைல்) தொடாதீர்கள். அவற்றில் எதை எடுத்தார்கள் என்பதைவிட எதைச் சேர்த்தார்கள் என்பதுதான் பிரச்சினை.

முதல் வேலை முழு டிஸ்க் இமேஜ், அதாவது டிஸ்க்கை அப்படியே ஒரு நகல் எடுப்பது. ஃபைல்களை இழுத்துப் போடுவது பேக்கப்தான், ஆனால் டேலி, டோக்கன், பிரிண்டர் செட்டிங் எல்லாம் அப்படியே திரும்ப வேண்டும் என்றால் இமேஜ்தான் வேண்டும். கன்ட்ரோல் பேனலில் 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர் (விண்டோஸ் 7)' என்ற பழைய பெயரோடு இருக்கும் வசதி போதும். ரெஸ்க்யூஸில்லா என்ற இலவசக் கருவியைப் பென்டிரைவில் போட்டும் எடுக்கலாம். வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்த பிறகு அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

அடுத்து, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்துவிட்டு, பயாஸில் கை வைக்கும் முன் அதைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். இதைச் செய்யாமல் பயாஸில் டிபிஎம்மை மாற்றினால், மறுபடி ஆன் ஆகும்போது நீலத் திரையில் அந்த எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டும் மறந்து, எண்ணும் இல்லாதவருக்கு அந்த டிஸ்க்கைத் திறக்க வேறு வழியே கிடையாது, எந்த சர்வீஸ்காரராலும்.

'பயாஸ் மோட்' வரியில் 'லெகசி' என்று இருந்தால் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அமைப்பில் இருக்கிறது என்று அர்த்தம். அதை ஜிபிடி என்ற புது அமைப்புக்கு மாற்றாமல், பழைய முறையில் பூட் ஆக உதவும் சிஎஸ்எம்மைப் பயாஸில் அணைத்தால் விண்டோஸே எழும்பாது. எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸோடு வருகிறது. கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து, முதலில் 'வேலிடேட்' சோதனை. அது பிழையில்லை என்று சொன்னால்தான் 'கன்வர்ட்'. விண்டோஸுக்குள்ளிருந்தே ஓட்டுவதால் இரண்டிலும் 'அலவ்ஃபுல்ஓஎஸ்' என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். சோதனை தோற்பதற்கு வழக்கமான காரணம், டிஸ்க்கில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன் இருப்பது அல்லது டி, இ டிரைவ்கள் லாஜிக்கல் பார்ட்டிஷனில் இருப்பது. ஒரே டிஸ்க்கை நாலாகப் பிரித்துக் கொடுப்பது நம் அசெம்பிள் கடைகளில் வெகுநாள் வழக்கம். அதன் வினை இங்கே வந்து நிற்கும். அப்படியென்றால் டி, இ டிரைவில் உள்ளதை வெளியே எடுத்து, அந்தப் பார்ட்டிஷன்களை நீக்கிவிட்டுத்தான் மாற்ற முடியும்.

மாற்றம் முடிந்ததும் பயாஸில் போய் யூஇஎஃப்ஐ என்ற புது பூட் முறைக்கு மாற்றி, டிபிஎம்மையும் செக்யூர் பூட்டையும் இயக்குங்கள். பழைய கிராஃபிக்ஸ் கார்டு சிலவற்றில் யூஇஎஃப்ஐக்கான ஃபர்ம்வேர் இருக்காது. சிஎஸ்எம் போனதும் திரை கறுப்பாகவே நிற்கும். கார்டைக் கழற்றி, மதர்போர்டின் சொந்த டிஸ்ப்ளே சாக்கெட்டில் மானிட்டரை மாட்டினால் மீண்டுவிடும். ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் போட்டபின் அவ்வப்போது மவுஸும் சத்தமும் ஒரு நொடி திக்கினால் பயாஸ் பழையது என்று பொருள். 2022-இல் வந்த திருத்தத்தோடு கூடிய பயாஸ் வேண்டும். பயாஸ் அப்டேட்டை யூபிஎஸ் இல்லாமல் செய்யாதீர்கள். பாதியில் கரன்ட் போனால் போர்டே போச்சு.

இனி அப்கிரேட். மைக்ரோசாஃப்ட் தளத்தில் உள்ள இன்ஸ்டலேஷன் அசிஸ்டன்ட்டோ, ஐஎஸ்ஓவைத் திறந்து அதிலுள்ள செட்டப்போ, எதுவானாலும் சரி. சி டிரைவில் 30 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். வெளி ஆன்டிவைரஸ் இருந்தால் அன்இன்ஸ்டால் செய்யுங்கள், கீபோர்டு மவுஸ் தவிர மற்ற யூஎஸ்பிகளைக் கழற்றுங்கள். எஸ்எஸ்டியில் ஒரு மணி நேரம் சுமார்.

பாதியில் நின்று 'சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனை அப்டேட் செய்ய முடியவில்லை' என்ற தகவல் வந்தால் பயப்பட வேண்டாம். 100 எம்பி அளவில் இருக்கும் அந்தச் சின்னப் பகுதி நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். அதற்குள் பூட் ஃபோல்டரில் கிடக்கும் ஃபான்ட் ஃபைல்களை நீக்கினால் வேண்டிய 15 எம்பி கிடைத்துவிடும் என்று மைக்ரோசாஃப்டே வழிமுறை தந்திருக்கிறது.

பிடிக்காவிட்டால் 10 நாளுக்குள் செட்டிங்ஸில் 'ரெகவரி' போய்ப் பழையதுக்கே திரும்பலாம். அந்தப் பத்து நாளுக்குள் 'இடம் அடைக்கிறதே' என்று டிஸ்க் கிளீனப்பில் 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்பதை அழித்துவிட்டால் திரும்பும் பாதை போய்விடும். மாத முடிவு, ரிட்டர்ன் தாக்கல் செய்யும் வாரம் இவற்றைத் தவிர்த்துவிட்டு, மாதத்தின் நடுவில் ஒரு சனிக்கிழமை மாலையில் ஆரம்பிப்பது உத்தமம்.

இப்போது அந்த ஷேரிங் விஷயம். பல கடைகளில் உள்ளறைச் சிஸ்டத்தின் டி டிரைவை 'எவ்ரிஒன்' என்று பாஸ்வேர்டே இல்லாமல் ஷேர் போட்டு, கவுண்டர் சிஸ்டத்திலிருந்து திறப்பார்கள். கவுண்டர் சிஸ்டத்தில் விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைப் போட்டதும் அந்த ஃபோல்டர் திறக்காது. 'உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்பு விதிகள் அடையாளம் காட்டாத விருந்தினர் அணுகலைத் தடுக்கின்றன' என்ற பொருளில் ஆங்கிலத் தகவல் வரும். கேபிள் மாற்றியும் ரௌட்டர் மாற்றியும் பயனில்லை. 24எச்2-வில் பெயரில்லாத 'கெஸ்ட்' நுழைவு மூடப்பட்டு, ஷேரிங்கில் சிஸ்டங்கள் பரிமாறும் தகவலுக்கு டிஜிட்டல் கையெழுத்தும் கட்டாயமாகிவிட்டது. இணையத்தில் தேடினால் அந்தத் தடைகளை அணைக்கும் ரெஜிஸ்ட்ரி வித்தைகளே முதலில் கிடைக்கும். அதைவிட எளிய, சரியான வழி: உள்ளறைச் சிஸ்டத்தில் 'பில்' என்று ஒரு பயனர் கணக்கைப் பாஸ்வேர்டோடு உருவாக்குங்கள், அந்த ஃபோல்டருக்கு அவருக்கு அனுமதி கொடுங்கள், கவுண்டரில் கிரெடென்ஷியல் மேனேஜரில் உள்ளறைச் சிஸ்டத்தின் பெயர், பயனர், பாஸ்வேர்டு மூன்றையும் ஒருமுறை பதிந்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. பாஸ்வேர்டை ஏற்கவே தெரியாத பழைய நெட்வொர்க் டிஸ்க் பெட்டிகள்தான் சிக்கல். அவற்றுக்கு ஓய்வு கொடுக்கும் காலம் வந்துவிட்டது.

தகுதி இல்லாமல் 11 போடுவது

முடியும். ஐஎஸ்ஓவை ரூஃபஸ் என்ற இலவசக் கருவி மூலம் பென்டிரைவில் எழுதும்போது டிபிஎம், செக்யூர் பூட் சோதனைகளை நீக்கு என்று டிக் அடித்தால் ஏழாம் தலைமுறையிலும் ஆறாம் தலைமுறையிலும் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் 24எச்2-விலிருந்து பிராசஸரில் எஸ்எஸ்இ4.2, பாப்கன்ட் என்ற கட்டளைகள் இருந்தே ஆக வேண்டும். கோர் 2 டுவோ காலத்துச் சிஸ்டங்களில் அவை இல்லாததால் எந்த வித்தையாலும் பூட் ஆகாது.

விலை எங்கே என்றால், மாதாந்தர அப்டேட்கள் இப்போது வந்தாலும் தொடர்ந்து வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது. ஹோம், ப்ரோ பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஆயுள் 24 மாதம். 24எச்2-வுக்கு 2026 அக்டோபர் 13, 25எச்2-வுக்கு 2027 அக்டோபர் 12. அதற்குள் நீங்களே ஐஎஸ்ஓ இறக்கி மேலே ஏற்ற வேண்டும். இதைச் செய்யத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் தாராளமாகப் போடலாம். அப்பா அம்மாவுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியூர் போகிறவர் போடக் கூடாது. இரண்டு வருடம் கழித்து அது பழையபடி அடைக்கப்படாத ஓட்டைச் சிஸ்டம் ஆகிவிடும், யாருக்கும் தெரியாமலே.

ஒரு வருட அவகாசம்

இஎஸ்யூ என்ற நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். வீட்டுப் பயனருக்கு மூன்று வழி: விண்டோஸ் பேக்கப் மூலம் செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஒத்திசைத்தால் இலவசம், 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகள், அல்லது 30 டாலருக்கு ஈடான பணம். ஒரு கணக்கில் 10 சிஸ்டம் வரை சேர்க்கலாம். விண்டோஸ் 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும், அட்மின் கணக்கில் இருக்க வேண்டும். பிறகு விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரும் இணைப்பு தெரியும்.

இலவச வழியில் ஒரு கவனம். ஒன்டிரைவில் இலவச இடம் 5 ஜிபிதான். பேக்கப்பில் டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களையும் டிக் அடித்தால் ஒரே நாளில் நிரம்பி, 'இடம் வாங்குங்கள்' என்று நச்சரிக்க ஆரம்பிக்கும். செட்டிங்ஸை மட்டும் விட்டுவிட்டு ஃபோல்டர்களின் டிக்கை எடுத்துவிடுங்கள். திட்டத்துக்கு அது போதும்.

நிறுவனங்களுக்கான கணக்கு வேறு. முதலாண்டுக்குச் சிஸ்டம் ஒன்றுக்கு 61 டாலர், அடுத்தாண்டு 122, மூன்றாம் ஆண்டு 244. இரண்டாம் ஆண்டில்தான் சேருகிறேன் என்றாலும் முதலாண்டுப் பணத்தையும் கட்ட வேண்டும். மூன்று வருடத்துக்கு 427 டாலர். அந்தப் பணத்துக்கு எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட செகண்ட் ஹேண்ட் ஆஃபிஸ் சிஸ்டமே வாங்கிவிடலாம் என்பதால், விலையுயர்ந்த இயந்திரத்தோடு கட்டிப்போட்ட கம்ப்யூட்டருக்குத் தவிர இது கட்டுப்படியாகாது.

வீட்டுச் சிஸ்டத்துக்கு இஎஸ்யூவைப் போட்டுவிடுவது நல்லதுதான், ஆனால் அது தீர்வல்ல, தவணை. அதிலும் சேராமல் சும்மா இருப்பவர்களுக்கு இன்னொன்றும் காத்திருக்கிறது: செக்யூர் பூட்டுக்கு ஆதாரமான 2011-ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் 2026 ஜூனிலிருந்து காலாவதி ஆகின்றன. புதியவை விண்டோஸ் அப்டேட் வழியாகத்தான் வருகின்றன. வராத சிஸ்டம் பூட் ஆகாமல் போய்விடாது. பூட் நிலையில் புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளுக்கான அடைப்பு மட்டும் கிடைக்காது.

லினக்ஸ் யாருக்கு?

பிரவுசர், வீடியோ, மெயில், கொஞ்சம் தட்டச்சு என்றிருக்கும் வீட்டுச் சிஸ்டத்துக்கு, பிராசஸர் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லையென்றால், லினக்ஸ் மின்ட்தான் எங்கள் முதல் பரிந்துரை. மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு. 2 ஜிபி ரேம் குறைந்தபட்சம் என்று சொல்கிறார்கள். 4 ஜிபி இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 இருந்தால் சின்னமன் பதிப்பு.

இதன் பெரிய அனுகூலம், போடாமலே பார்க்கலாம் என்பது. பென்டிரைவில் எழுதி அதிலிருந்தே பூட் செய்து ஒரு மாலை முழுக்கப் பயன்படுத்துங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, வெப்கேம் தெரிகிறதா, மூடித் திறந்தால் எழும்புகிறதா, பிரிண்டர் தாள் தள்ளுகிறதா. ஐந்தில் ஒன்று தோற்றால் போட்டபிறகும் பெரும்பாலும் தோற்கும். தமிழ் தட்ட ஐபஸ்-எம்17என் தொகுப்பு வேண்டும். தமிழ் 99, டைப்ரைட்டர், ஃபொனெடிக் மூன்றும் அதிலுண்டு. பாமினி ஃபான்ட் ஃபைலை நகலெடுத்துப் போட்டால் பழைய ஆவணங்கள் லிபர்ஆஃபிஸில் எழுத்துச் சிதையாமல் திறக்கும், வரி உடையும் இடம் மாறலாம். பேஜ்மேக்கர், கோரல் டிரா, போட்டோஷாப் மூன்றில் ஒன்றாவது அன்றாட வேலை என்றால் இந்தப் பக்கம் வராதீர்கள்.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போடுபவர்களுக்கு இரண்டு தலைவலி நிச்சயம் வரும். விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை அணைக்காவிட்டால் டி டிரைவ் லினக்ஸில் படிக்க மட்டும் திறக்கும், எழுத விடாது. இரண்டாவது கடிகாரம். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் மணி 5 மணி 30 நிமிடம் பின்னால் நிற்கும். பில்லில் நேரம் தப்பும், டேட் மாறினால் பிரவுசர் சான்றிதழ்ப் பிழை காட்டும். லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளையால் உள்ளூர் நேரத்துக்கே ஒருமுறை மாற்றிவிட்டால் சரியாகும்.

குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் என்றொரு வழியும் உண்டு. பிரவுசர் மட்டுமே உலகம் என்பவருக்குப் பராமரிப்பே வேண்டாத வழி. ஆண்ட்ராய்டு ஆப்கள் அதில் ஓடாது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போடுங்கள்.

புதிது வாங்குவது

2025-இன் கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. அவசரம் இல்லையென்றால் இஎஸ்யூவில் சேர்ந்து, எஸ்எஸ்டி மாட்டி, காத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. வாங்கியே ஆக வேண்டுமென்றால், புதுச் சிஸ்டத்தில் விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கியதும் டிஸ்க் தானாக என்க்ரிப்ட் ஆகும், ஹோம் பதிப்பில்கூட. கடைக்காரர் தன் மெயில் ஐடியில் தொடங்கிக் கொடுத்தால் மீட்பு எண் அவர் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். உங்கள் கணக்கில், உங்கள் கண் முன்னால் தொடங்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, எந்த வழியிலும் சேராத ஒரு சிஸ்டம்: 32-பிட் விண்டோஸ் 10-இல், டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிய பில்லிங் புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும் மூலைக் கம்ப்யூட்டர். அந்த 16-பிட் புரோகிராம் எந்த 64-பிட் விண்டோஸிலும் நேரடியாக ஓடாது. டாஸ்பாக்ஸ் போன்ற எமுலேட்டரில் (பழைய சிஸ்டம்போல நடிக்கும் மென்பொருள்) ஓடலாம், அதற்கு முதலில் ஒரு நகலில் சோதித்து, பிரிண்ட் ஒழுங்காக விழுகிறதா என்று பார்க்க வேண்டும். டாஸ் புரோகிராம்கள் எல்பிடி1 என்ற பழைய போர்ட்டைத் தேடும், இன்றைய யூஎஸ்பி பிரிண்டர் அங்கே இருக்காது. அது கைகூடும் வரை அந்தச் சிஸ்டத்தின் நெட் கேபிளைக் கழற்றி வைஃபையை அணைத்துவிடுங்கள். டேட்டா ஃபோல்டரைத் தினமும் கடை மூடும்போது பென்டிரைவில் எடுங்கள், ஒற்றைப்படை நாளுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று என இரண்டு பென்டிரைவ். அவற்றை வேறு எந்தச் சிஸ்டத்திலும் செருகாதீர்கள்.